டான் கேனம்: நிரம்பிய அரங்கும் 1975ஆம் ஆண்டுக் கடிதமும்

ஹூரான்கரை எழுதியது:

போன வாரம் அமெரிக்கக் கால்பந்து இழையில் ஒரு நண்பர், "டான் கேனம் போல இன்னொரு இயக்குநர் பிறக்கப்போவதில்லை" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே இன்னொருவர், "நீச்சல் அரங்கிலிருந்து அவர் பெயரை எடுக்க வேண்டும்" என்றார். பேச்சு அத்துடன் நின்றுவிட்டது. இதற்கென்று தனி இழை தேவை என்பதால் தொடங்குகிறேன்.

விவரம் அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேனம் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறை இயக்குநராக 1968 முதல் 1988 வரை இருந்தவர். நம் ஊர்க் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநரை மனத்தில் வைத்து இந்தப் பதவியைப் பார்க்க வேண்டாம். பயிற்சியாளரை அமர்த்துவதும் நீக்குவதும், டிக்கெட் விலை வைப்பதும், அரங்கு கட்டுவதும், ஆட்டங்களை ஒளிபரப்பும் பணத்துக்குப் பேரம் பேசுவதும் அவர்தான். ஒரு வீரரை அணியிலிருந்து விலக்கினால் அவர் முறையிடப் போகிற இடமும் அந்த அறைதான்.

கேனம் அந்தப் பதவிக்கு வெளியிலிருந்து வந்தவர் அல்லர். 1918இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். மிச்சிகனுக்காக உயரம் தாண்டி 1940இல் தேசியக் கல்லூரிப் பட்டம் பெற்றார். 1948 முதல் 20 ஆண்டுகள் அதே பல்கலைக்கழகத்தின் தடகளப் பயிற்சியாளர். மிச்சிகன் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென்னின் பட்டங்கள் மட்டும் 12. கூடவே பயிற்சிப் படங்களும் விளையாட்டுக் கருவிகளும் விற்கும் தொழிலை நடத்திப் பெரும் பணக்காரர் ஆனார். ஆக, இயக்குநர் அறைக்குள் நுழையும்போதே விளையாட்டும் தெரியும், விற்பனையும் தெரியும்.

என் கருத்து இது. கேனம் கட்டியது யாரிடமும் கையேந்தாத துறை. அவருடைய பெருமையெல்லாம் அதில்தான் இருக்கிறது. கையேந்த வேண்டாத துறையை யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. அவர் காலத்தில் நடந்த மிகப் பெரிய தீங்கு அந்த இடத்தில்தான் வேர்விட்டது. சாதனையை ஒரு பக்கமும் பழியை ஒரு பக்கமும் எழுதிக் கழித்துப் பார்க்கிறவர்கள் இந்தத் தொடர்பைத் தவறவிடுகிறார்கள்.

மற்றவர்கள் எழுதுங்கள். நீளமாகவே எழுதுங்கள்.

மஞ்சள்நீலம் எழுதியது:

"இன்னொருவர் பிறக்கப்போவதில்லை" என்று எழுதியவன் நான்தான். இப்போதும் அதையே சொல்கிறேன்.

1968இல் நிலைமை என்ன என்று முதலில் பார்க்க வேண்டும் ஹூரான்கரை ஐயா. ஃபீல்டிங் யோஸ்ட் 1927இல் கட்டிய அரங்கு அது. அதைக் கேனமுக்கு முன் இயக்குநராக இருந்த ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் 1956இல் 1,01,001 இருக்கைகளாக விரித்து வைத்திருந்தார். ஆனால் உட்கார ஆள் இல்லை. ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட் போன்ற அணிகள் வந்தால் கூட்டம் வரும். மற்றச் சனிக்கிழமைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கை காலியாகவே கிடக்கும். பக்கத்தில் டெட்ராய்ட் நகரில் டைகர்ஸ் பேஸ்பால் அணி அந்த ஆண்டு உலகத் தொடரையே வென்றது. மக்களின் பணமும் கவனமும் அந்தப் பக்கம் போயிருந்தன.

கேனம் வந்ததும் என்ன செய்தார்? அணி வெல்லட்டும், கூட்டம் தானாக வரும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. மாநிலம் முழுவதும் வீடு வீடாகத் தபாலில் டிக்கெட் விண்ணப்பம் அனுப்பினார். பழைய மாணவர்களுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் அது பழைய கதை. பல்கலைக்கழகத்தை ஒரு முறைகூட மிதித்திராத குடும்பங்களுக்கும் அனுப்பினார். ஒரு சனிக்கிழமையைக் குடும்பத்தோடு கழிக்க வாருங்கள் என்பதுதான் அழைப்பு. காரை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஆட்டத்துக்குள் நுழையும் பழக்கத்தை அவர் வளர்த்துவிட்டார். மிச்சிகன் பெயர் பொறித்த பொருள்களைத் தபால்வழி விற்றார். இன்று எல்லாப் பல்கலைக்கழகமும் செய்கின்றன. அன்று அது புதுமை.

1968 டிசம்பரில் ஓஹாயோவின் மயாமி பல்கலைக்கழகத்திலிருந்து போ ஷெம்பெக்லரைக் கால்பந்துப் பயிற்சியாளராக அழைத்து வந்தார். பென் ஸ்டேட்டின் ஜோ பட்டர்னோவிடம்தான் முதலில் பேசினார், அது கைகூடவில்லை. போ அப்போது பெரிய பெயர் இல்லை. ஆண்டுச் சம்பளம் 21,000 டாலர். அடுத்த நவம்பர் 22 அன்று, யாராலும் அசைக்க முடியாது என்றிருந்த ஒஹாயோ ஸ்டேட்டை 24–12 என்று சாய்த்தார்கள். அன்றைய கூட்டம் 1,03,588. போ இங்கே 21 பருவங்கள் இருந்தார், 194 வெற்றி.

அதன்பின் 1975 நவம்பர் 8. பர்டியூவுடன் ஆட்டம். அன்றிலிருந்து ஒவ்வொரு சொந்த மைதான ஆட்டத்திலும் கூட்டம் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. 2020இல் பெருந்தொற்று வந்து அரங்கைப் பூட்டும்வரை அந்த வரிசை அறுபடவில்லை. இத்தனையையும் அரங்கின் உள்ளே ஒரு விளம்பரப் பலகைகூட வைக்காமல் செய்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். விற்கத் தெரிந்த மனிதர், விற்கக்கூடாதது எது என்றும் தெரிந்து வைத்திருந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. 1973இல் ஒஹாயோவுடன் 10–10 என்று சமநிலை. பருவ முடிவில் நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு யாரை அனுப்புவது என்று பிக் டென் இயக்குநர்கள் வாக்களித்து ஒஹாயோவை அனுப்பினார்கள். ஓர் ஆட்டத்திலும் தோற்காத அணி ஆண்டு முடிவில் வீட்டில் உட்கார்ந்தது. அந்தக் கொதிப்பில் பிறந்த மாற்றம்தான், பட்டம் வெல்லாத அணிகளும் மற்ற பவுல் ஆட்டங்களுக்குப் போகலாம் என்ற 1975ஆம் ஆண்டு விதி.

குறுந்தடி எழுதியது:

ஒரு சந்தேகம். ஹூரான்கரை ஐயா "யாரிடமும் கையேந்தாத துறை" என்கிறார். பல்கலைக்கழகத்தின் ஒரு துறை எப்படிப் பல்கலைக்கழகத்திடம் கையேந்தாமல் இருக்க முடியும்?

ஹூரான்கரை எழுதியது:

நல்ல கேள்வி, குறுந்தடி. மிச்சிகனில் விளையாட்டுத்துறையின் வரவு செலவு தனி. மாணவர் கட்டணத்திலிருந்தோ மாநில அரசின் மானியத்திலிருந்தோ எடுத்து நடத்துவதில்லை. கால்பந்து டிக்கெட், ஒளிபரப்பு, நன்கொடை என்று வருவதிலிருந்தே நீச்சலும் மல்யுத்தமும் ஜிம்னாஸ்டிக்ஸும் நடக்க வேண்டும். மேற்பார்வைக்கென்று தனிக் குழுவும் உண்டு. கேனம் 20 ஆண்டுகளில் அந்த ஏற்பாட்டைப் பாறைபோல் உறுதியாக்கினார். யோஸ்டின் பழைய உள்ளரங்கம் 1973இல் பனி ஹாக்கி அரங்கமாயிற்று. அடுத்த ஆண்டு தடகளத்துக்கும் டென்னிசுக்கும் தனிக் கட்டடம் எழும்பியது. 1988இல் அவர் ஓய்வு பெற்றபோது திறக்கப்பட்ட நீச்சல் அரங்குக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

மஞ்சள்நீலம் எழுதியதில் ஒரு வரியையும் மறுக்கவில்லை. எல்லாம் உண்மை. என் கேள்வி அடுத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு லட்சம் பேரைக் கூட்டி வருகிறவரைப் பல்கலைக்கழகத் தலைவர் அழைத்து, "உன் துறையில் என்ன நடக்கிறது?" என்று கேட்பாரா?

வாலிபால் மீனாட்சி எழுதியது:

நான் கல்லூரியில் வாலிபால் ஆடியவள். ஆண்கள் அணி ஒரு பருவம் அணிந்து முடித்த பனியன்கள் அடுத்த பருவத்தில் எங்களுக்கு வரும். எண்ணைப் பிரித்தெடுத்து வேறு எண் தைத்தால், பழைய எண் இருந்த இடத்தில் துணியின் நிறம் அடர்ந்து தெரியும். அந்தப் பனியனோடு மாவட்டப் போட்டிக்குப் போவோம். அதனால் கேனமைப் பற்றிப் படிக்கும்போது என் கண் முதலில் போகிற இடம் 1972 ஜூன் 23. அன்றுதான் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் பால்வேற்றுமை கூடாது என்ற சட்டம். விளையாட்டும் அதற்குள் அடங்கும்.

அதை நாட்டிலேயே உரத்த குரலில் எதிர்த்தவர்களில் கேனமும் ஒருவர். பெண்களுக்கும் செலவழித்தால் கால்பந்து ஈட்டும் பணம் கரைந்துவிடும், கட்டியதெல்லாம் சரிந்துவிடும் என்பது அவருடைய வாதம். நாடெங்கும் இயக்குநர்கள் இதையே பாடினார்கள். 1974இல் டெக்சாஸ் செனட்டர் ஜான் டவர், பணம் ஈட்டும் விளையாட்டுகளுக்கு விலக்கு வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார்; அது நிலைக்கவில்லை. 1975 ஜூலையில் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கு ஒப்புதல் தந்த அதிபர் ஜெரால்டு ஃபோர்டு மிச்சிகனின் முன்னாள் கால்பந்து வீரர்.

மிச்சிகனில் பெண்களுக்குப் பல்கலைக்கழக அளவிலான அணிகள் 1973–74இல் தொடங்கின. கூடைப்பந்து, ஹாக்கி, நீச்சல், ஒத்திசைவு நீச்சல், டென்னிஸ், வாலிபால் என்று ஆறு. தாங்களாக மனமுவந்து தொடங்கினார்கள் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரப் பெண்கள் மத்திய அரசிடம் புகார் கொடுத்திருந்தார்கள்.

மேலங்கிக் கதை தெரியுமா? அணிக்காக ஆடித் தகுதி பெற்றவருக்கு ‘எம்’ எழுத்துப் பதித்த மேலங்கி கொடுப்பது அங்கே மரபு. பெண்களும் அதே எழுத்தைக் கேட்டபோது, பெண்களுக்கு அதைக் கொடுத்தால் அதன் மதிப்புக் குறையும் என்று ஆண்கள் பக்கம் எதிர்ப்புக் கிளம்பியது. போ ஷெம்பெக்லரே கேனமுக்குக் கடிதம் எழுதினார். 1991க்கு முன் ஆடிய பெண்களுக்கு ஆண்களுக்குக் கிடைத்த அந்த மேலங்கி கிடைக்கவில்லை. பல்கலைக்கழகம் அதைக் கூப்பிட்டுக் கொடுத்தது 2016இல். இருபது வயதில் தோளில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்க வேண்டிய மேலங்கியை அறுபது வயதில் வாங்கிக்கொண்டார்கள்.

பணம் இல்லை என்ற காரணம் இதற்குச் செல்லாது. ஒரு மேலங்கி என்ன விலை இருந்துவிடும்?

மஞ்சள்நீலம் எழுதியது:

மீனாட்சி அக்கா, மேலங்கி விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். அது அநியாயம்.

பணம் பற்றி மட்டும் ஒன்று சொல்ல விடுங்கள். 1973இல் ஒரு துறையின் வருமானத்தில் பெரும்பகுதி ஒரே விளையாட்டில் வருகிறது. பல ஆண்டு நிரம்பாத அரங்கோடு ஓட்டிவிட்டு அப்போதுதான் தலைநிமிர்கிறது. அந்த நேரத்தில் செலவு இரட்டிப்பாகும் என்றால் எந்த நிர்வாகியும் பதறுவார். சட்டம் வந்தபின் அவர் அணிகளைக் கலைத்துவிடவில்லை, ஒன்றொன்றாகச் சேர்த்தார். மகளிர் நீச்சல் அணி 1987இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பிக் டென் பட்டம் வென்றது. அவர் காலத்தில் போட்ட அடித்தளம் இல்லாமல் அது நடந்திருக்குமா?

வாலிபால் மீனாட்சி எழுதியது:

தம்பி, அடித்தளம் போட்டவர்கள் அந்த அணியின் பெண்களும் பயிற்சியாளர்களும். எதிர்த்து நின்றுவிட்டு, சட்டம் கட்டாயப்படுத்தியபின் செய்தவருக்கு அந்தப் பெருமையை எழுதி வைக்க எனக்கு மனம் வரவில்லை. பதறியதைக்கூடப் புரிந்துகொள்கிறேன். அவர் சொன்ன அழிவு வந்ததா என்று பாருங்கள். ஒன்பதாம் தலைப்புக்குப் பிறகுதான் உங்கள் ஒரு லட்சம் கூட்ட வரிசையே தொடங்குகிறது. விதிகள் நடைமுறைக்கு வந்தது 1975 ஜூலை, பர்டியூ ஆட்டம் 1975 நவம்பர். விற்பனையில் அவ்வளவு கெட்டிக்காரர் பெண்கள் விளையாட்டையும் விற்கலாம் என்று ஒரு கணம் நினைத்திருந்தால், இன்று வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்போம்.

ஓட்டக்காரன் எழுதியது:

எல்லோரும் இயக்குநர் கேனமையே பேசுகிறீர்கள். தடகளப் பயிற்சியாளர் கேனமும் இந்தக் கணக்கில் உண்டு.

பஹாமாஸ் தீவுகளின் தேசிய அரங்குக்கு ஒரு பெயர் இருக்கிறது: தாமஸ் ஏ. ராபின்சன் அரங்கம். அந்த ராபின்சன் கேனமிடம் மிச்சிகனில் ஓடியவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் டிரினிடாடுக்காக 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வாங்கிய நால்வரில் ஒருவரான கென்ட் பெர்னார்டும் மிச்சிகன் ஓட்டக்காரர். அமெரிக்காவின் தெற்குப் பல்கலைக்கழகங்கள் பல, சொந்த ஊர்க் கறுப்பின இளைஞர்களுக்கே கதவைச் சாத்தியிருந்த காலத்தில், கரிபியத் தீவுகளிலிருந்து ஆளைத் தேடிக் கொண்டுவந்து ஓடவைத்தவர் அவர். தேசியக் கல்லூரி உள்ளரங்கத் தடகளப் போட்டி 1965இல் டெட்ராய்டின் கோபோ அரங்கில் தொடங்கியதற்கும் அவர்தான் முன்நின்றவர்.

இதே பல்கலைக்கழகத்தில் 1934இல் ஜார்ஜியா டெக் அணி ஆட மறுக்கும் என்று, தன் சொந்தக் கறுப்பின வீரர் வில்லிஸ் வார்டை வெளியே உட்காரவைத்தார்கள். அப்போதைய இயக்குநர் யோஸ்ட். அந்த வரிசையில் கேனமை வைத்துப் பார்த்தால் அவர் எவ்வளவு தூரம் வந்தார் என்பது தெரியும்.

பேராவணம் எழுதியது:

இதுவரை யாரும் தொடாத பக்கத்துக்கு வருகிறேன். ஹூரான்கரை தொடக்கத்தில் குறிப்புக் காட்டினார், விரிவாகச் சொல்லவில்லை.

டாக்டர் ராபர்ட் ஆண்டர்சன் 1966 முதல் 2003 வரை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர். அதில் பெரும்பகுதி விளையாட்டு அணிகளின் மருத்துவரும்கூட. பரிசோதனை என்ற பெயரில் மாணவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், அவர்களில் விளையாட்டு வீரர்கள் ஏராளம். பருவம் தொடங்கும் முன் மருத்துவச் சான்று இல்லாமல் களமிறங்க முடியாது. களமிறங்காவிட்டால் உதவித்தொகை இல்லை. சான்று தருபவர் அவர். தப்ப வழி ஏது? 2008இல் அவர் இறந்துவிட்டார், ஒருநாளும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2022 ஜனவரியில் ஏறக்குறைய 1,050 பேருக்கு 49 கோடி டாலர் தருவதாகப் பல்கலைக்கழகம் உடன்பட்டது.

இதில் கேனமின் இடம் எது? 1975இல் மல்யுத்த அணி மாணவர் ஒருவர் தன் பயிற்சியாளருக்கு நீண்ட கடிதம் எழுதினார். அணியில் இருந்த பல குறைகளோடு டாக்டரைப் பற்றியும் எழுதினார். எந்த நோவுக்குப் போனாலும் கால்சட்டையைக் கழற்றச் சொல்கிறார், ஏதோ சரியில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். பயிற்சியாளர் அந்தக் கடிதத்தை அணியின் முன் வாசித்து அவரை வெளியேற்றினார். மாணவரின் முறையீடு கேனமிடம் போனது. கேனம் பயிற்சியாளரின் முடிவுக்கே துணை நின்றார்.

கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள். இது காற்றில் வந்த வதந்தி இல்லை. எழுத்தில் வந்தது. பெயர் குறிப்பிட்டு வந்தது. தன் படிப்பையும் இடத்தையும் பணயம் வைத்து எழுதிய ஓர் இளைஞரிடமிருந்து வந்தது. கேனம் செய்ய வேண்டியிருந்தது மிகச் சிறிய காரியம்: "டாக்டரைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அது என்ன?" என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அதன்பின் வந்த 28 ஆண்டுகள் வேறாக இருந்திருக்கும்.

1979ஐ ஒட்டி மாணவர் நலனுக்குப் பொறுப்பான உயரதிகாரி ஒருவரிடம் வேறொரு புகார் போனது. ஆண்டர்சன் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தின் இயக்குநர் பொறுப்பை விட்டார். அடுத்து வேலைக்குப் போய்ச் சேர்ந்த இடம் விளையாட்டுத்துறை. கேனமின் துறை.

எல்லாவற்றையும்விட என்னை உறங்கவிடாமல் செய்வது இதுதான். அதே மல்யுத்த வீரர் 2018இல், 43 ஆண்டுகள் கழித்து, கேனமின் அதே இயக்குநர் பதவியில் இருந்த வேறொருவருக்கு மறுபடி எழுதினார். இந்த முறை கடிதம் போலீசுக்குப் போனது, விசாரணை தொடங்கியது, 2020இல் உலகம் அறிந்தது. ஆக, கடிதம் சரியாகத்தான் இருந்தது. 1975இல் அதை வாங்கியவர்தான் சரியில்லை.

மஞ்சள்நீலம் எழுதியது:

இதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை.

ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. போவின் மகன் மேட் 2021இல் செய்தியாளர்களிடம் ஒன்று சொன்னாரே: 1969இல், சிறுவயதில், தனக்கு நடந்ததைத் தந்தையிடம் சொன்னதாகவும், தந்தை நம்பாததால் தாய் கேனமிடம் போனதாகவும், கேனம் டாக்டரை நீக்க முனைந்ததாகவும், போதான் அதைத் தடுத்ததாகவும். அப்படியானால் கேனம் சரியானதைச் செய்யப் பார்த்தவர் ஆகிறார் அல்லவா?

ஹூரான்கரை எழுதியது:

அந்தக் கூற்றைக் கவனமாகக் கையாள வேண்டும் தம்பி. போ, அவர் மனைவி மில்லி, கேனம், ஆண்டர்சன் நால்வரும் இன்று இல்லை. போவுக்குத் தெரிந்திருக்கும் என்பதைக் குடும்பத்தில் மற்றவர்கள் மறுத்திருக்கிறார்கள். மேட் சொல்வதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். பாதிக்கப்பட்ட ஒருவர் சொல்வதைத் தள்ளிவிடும் பழக்கம்தான் இத்தனைக்கும் காரணம். ஆனால் அதைக் கேனமுக்குச் சாதகமாகப் பயன்படுத்தும் முன் யோசியுங்கள். அது உண்மையென்றால், 1975இல் மல்யுத்த வீரரின் முறையீடு வந்தபோது ஆண்டர்சனைப் பற்றிக் கேனமுக்கு ஏற்கெனவே தெரியும் என்றாகிறது. தன் துறைக்கு ஒரு மருத்துவர் வேண்டாம் என்று முடிவெடுத்த இயக்குநர், தான் அமர்த்திய கால்பந்துப் பயிற்சியாளர் சொன்னதும் அதைக் கைவிட்டார் என்றும் ஆகிறது. இது அவரைக் காப்பாற்றவில்லை.

நான் இருப்பது ஆன் ஆர்பரில். 2021 இலையுதிர் காலத்தில் முன்னாள் கால்பந்து வீரர் ஜான் வான் பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டு இருந்தார். அக்டோபரில் தொடங்கிப் பனி கொட்டும்வரை. ஆட்டநாளில் மஞ்சளும் நீலமும் உடுத்தி அரங்குக்குப் போகிற கூட்டம் அந்த வழியாகவும் போகும். சிலர் நின்று பேசினார்கள். சிலர் பார்வையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நடையை எட்டிப்போட்டார்கள். அரங்கு அன்றும் நிரம்பியது. அந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்தபின்தான், நிரம்பிய அரங்கு எதையெல்லாம் மறைக்க வல்லது என்பது எனக்கு உறைத்தது.

குறுந்தடி எழுதியது:

பேஸ்பால் பயிற்சியாளர் விவகாரமும் இதே கட்டத்தில்தான் வருகிறது, இல்லையா? கால்பந்து ஆட்ட மலர் விற்ற பணத்திலிருந்து வீரர்களுக்கு விதிமீறிக் கொடுத்ததாக. கேனம் ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு, 1989இல், அந்தப் பயிற்சியாளர் விலகினார்.

ஹூரான்கரை எழுதியது:

ஆம். பட் மிடா. சிறிய விஷயம்தான், ஆனால் அதே குறை. வென்று தரும் பயிற்சியாளரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

ஓட்டக்காரன் எழுதியது:

பேராவணம் சொன்னதை மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. ஒரு கேள்வி மட்டும். 1975இல் எந்தப் பல்கலைக்கழக இயக்குநர் வேறு விதமாக நடந்திருப்பார்? ஆண்களுக்கு இப்படி நேரும் என்பதையே யாரும் வாய்விட்டுச் சொல்லாத காலம் அல்லவா?

பேராவணம் எழுதியது:

ஓட்டக்காரன் அண்ணா, யாரும் சொல்லாத காலத்தில் ஒருவர் சொன்னார். அதுதான் விஷயமே. காலம் அவருக்கும் அதே காலம்தான். இருபது சொச்சம் வயதில், அதிகாரம் ஒன்றுமில்லாத அவருக்கு எழுதத் துணிவு இருந்தது. ஐம்பத்தேழு வயதில், மாநிலமே கொண்டாடிய ஒருவருக்கு விசாரிக்கத் துணிவு வேண்டியதுகூட இல்லை, அக்கறை இருந்தால் போதும். தபாலில் வீடு வீடாகப் போய் முன்பின் தெரியாதவர்களின் மனத்தை அறிந்த மனிதர், தன் சொந்த வீரர் ஒருவர் எழுதியதைப் படித்து அவர் மனத்தை அறியவில்லை.

வாலிபால் மீனாட்சி எழுதியது:

நீச்சல் அரங்கின் பெயருக்கு வருவோம். மிச்சிகனில் இதற்கு வழிமுறை இருக்கிறது. இனமேம்பாட்டுக் கொள்கையைப் பரப்பியவர் என்பதால் முன்னாள் தலைவர் சி.சி. லிட்டிலின் பெயரை 2018இல் ஓர் அறிவியல் கட்டடத்திலிருந்து எடுத்தார்கள். 2021இல் யோஸ்ட் பெயரையும் பனி அரங்கத்திலிருந்து எடுக்கலாம் என்று வரலாற்று ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை, யோஸ்ட் பெயர் நிற்கிறது. கேனம் பெயரையும் அந்தக் குழு முன் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மஞ்சள்நீலம் எழுதியது:

எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை அக்கா. இத்தனையும் படித்தபின் சொல்கிறேன். பெயரை எடுத்துவிட்டால் பத்து ஆண்டில் மாணவர்களுக்குக் கேனமும் தெரியாது, அந்தக் கடிதமும் தெரியாது. பெயர் இருக்கட்டும், அதன் கீழே 1975இல் நடந்தது எழுதப்படட்டும். அந்த மல்யுத்த வீரரின் ஒப்புதலோடு, அவர் சொல்லும் வாசகத்தில்.

பேராவணம் எழுதியது:

அந்த அரங்கில் இன்று நீந்துகிற பிள்ளைகளும் அணி மருத்துவரிடம் போகிறவர்கள்தான். அவர்களில் ஒருவர் புகார் எழுத உட்காரும்போது, தலைக்கு மேலே இருக்கும் பெயர் ஒருகாலத்தில் அப்படிப்பட்ட புகாரைத் திருப்பி அனுப்பியவருடையது என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கீழே பலகை வைத்தாலும் சரி. நான் மீனாட்சி பக்கம்.

ஹூரான்கரை எழுதியது:

மஞ்சள்நீலத்தின் யோசனையை நான் ஏற்கிறேன், ஒரு மாற்றத்தோடு. 1975 செய்தியை மட்டும் எழுதினால், அது ஒரு மனிதர் ஒருநாள் செய்த பிழையாகிப் போகும். மருத்துவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் அன்று எந்தக் குழுவுக்கு இருந்தது, இன்று எந்தக் குழுவுக்கு இருக்கிறது, விளையாட்டுத்துறைக்கு வெளியே ஒரு மாணவர் எங்கே போய்ச் சொல்லலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். தொலைபேசி எண்ணோடு. நீச்சலடித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே வருகிற மாணவர் கண்ணில் படுகிற உயரத்தில்.

பெயரை எடுக்க வேண்டும் என்பவர்கள் தங்கள் வரைவைத் தனியாக எழுதுங்கள். இரண்டையும் இங்கேயே ஒட்டுவோம், அவரவர் எதில் கையெழுத்திடுவது என்று முடிவு செய்யட்டும்.

மஞ்சள்நீலம் எழுதியது:

பலகை வரைவை நான் எழுதுகிறேன். பர்டியூ ஆட்டத்தையும் ஒரு வரி சேர்ப்பேன். அந்தக் கூட்டமும் அந்தக் கடிதமும் ஒரே ஆண்டு. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரட்டும்.

வாலிபால் மீனாட்சி எழுதியது:

பெயர் நீக்க வரைவு என்னுடையது. ஞாயிறுக்குள் ஒட்டுகிறேன். மகளிர் அணிகளில் ஆடியவர்கள் யாரேனும் இந்த இழையைப் படித்தால், கையெழுத்திடாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் மேலங்கி எந்த ஆண்டு கைக்கு வந்தது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.